கடையும் வீடும் கைகோத்தால்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் முதல் நாள் தொடங்கிய மழை நிற்கவே இல்லை. கிள்ளான் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் நீர்மட்டம் மளமளவென உயர்ந்தது. வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று உதவிக்காகக் காத்திருந்தனர். கடைவரிசைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த சரக்குகள் சேற்றில் புதைந்தன. அந்தப் பருவத்தில் நாட்டின் பல மாநிலங்களைத் தாக்கிய வெள்ளத்தில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளத்தால் ஏற்பட்ட மொத்த இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என மலேசியப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

அந்தத் துயரத்திற்கு நடுவே ஒரு நல்ல காட்சியும் தென்பட்டது. உணவகங்கள் அடுப்பை அணைக்காமல் சமைத்தன. கோயில்களிலும் குருத்துவாராக்களிலும் பள்ளிவாசல்களிலும் உணவுப் பொட்டலங்கள் தயாராயின. படகு வைத்திருந்தவர்கள் படகுடன் வந்தனர். லாரி வைத்திருந்தவர்கள் லாரியுடன் வந்தனர். வணிகர், குடியிருப்பாளர் என்ற வேறுபாடு அன்று யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளம் வந்த பிறகு காட்டிய அந்த ஒற்றுமையை, வெள்ளம் வருவதற்கு முன்பே காட்ட முடியுமா? இக்கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் முதலில் கரிம உமிழ்வைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

கரிம உமிழ்வு என்பது என்ன?

நிலக்கரி, எரிவாயு, பெட்ரோல் போன்றவற்றை எரிக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. உணவுக்கழிவு காற்றுப் புகாத இடத்தில் புதைந்து அழுகும்போது மீத்தேன் வாயு உருவாகிறது. இவ்வாயுக்கள் பூமியைப் போர்வைபோலச் சூழ்ந்துகொண்டு, வெப்பம் விண்வெளிக்குத் திரும்பிச் செல்லாதபடி தடுக்கின்றன. இதனால் பூமியின் சராசரி வெப்பநிலை உயர்கிறது.

வெப்பநிலைக்கும் மழைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்த நீராவி மழையாக இறங்கும்போது பெருமழையாகக் கொட்டும் வாய்ப்பும் அதிகரிக்கிறது. ஒரு குறிப்பிட்ட வெள்ளத்திற்குக் கரிம உமிழ்வு மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. வடிகால் அமைப்பு, ஆற்றோரக் குடியிருப்பு, காடழிப்பு ஆகியவையும் காரணங்களாகும். எனினும், பூமி வெப்பமாக வெப்பமாக இத்தகைய பெருமழைகள் கடுமையாகும் என்பதை அறிவியலாளர்கள் தெளிவாக எடுத்துரைத்துள்ளனர்.

இதனை உணர்ந்தே, நிகர சுழிய உமிழ்வு நிலையை 2050ஆம் ஆண்டுக்குள் எட்டுவதை மலேசியா இலக்காகக் கொண்டுள்ளது. அதாவது, வெளியேறும் வாயுக்களின் அளவும், காடுகள் முதலியவற்றால் உறிஞ்சப்படும் அளவும் சமமாக வேண்டும். கோலாலம்பூர் மாநகரும் 2050ஆம் ஆண்டையே தன் இலக்காண்டாக அறிவித்துள்ளது. இலக்கை அறிவிப்பது அரசாங்கத்தின் கடமை. ஆனால், விளக்கை அணைப்பதும் குப்பையைப் பிரிப்பதும் இரயிலில் ஏறுவதும் கடைக்காரரும் குடியிருப்பாளரும் செய்ய வேண்டிய செயல்களாகும்.

ஓர் இலைச் சாப்பாட்டின் பயணம்

பிரிக்பீல்ட்சில் நண்பகல் நேரம். துன் சம்பந்தன் சாலையிலும் அதனை ஒட்டிய தெருக்களிலும் உள்ள உணவகங்களில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் அலைமோதும். இலையில் சோறு, மூன்று வகைக் காய்கறி, அப்பளம், குழம்பு. சாப்பிட்டு முடித்தவர் இலையை மடித்துவிட்டு எழுந்து செல்கிறார். இலையில் பாதிச் சோறு மீதமிருக்கிறது. அதன் பிறகு அந்த இலைக்கு என்ன நேர்கிறது?

வாழையிலை இயற்கையானது, எனவே அதனால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஞெகிழித் தட்டோடு ஒப்பிட்டால் வாழையிலை சிறந்ததுதான். எனினும், இலையும் சோறும் ஞெகிழிப் பையில் கட்டப்பட்டுக் குப்பை லாரியில் ஏறினால் நிலைமை மாறிவிடுகிறது. கோலாலம்பூரின் குப்பை, தாமான் பெரிங்கினில் உள்ள மாற்று நிலையத்தின் வழியாக உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிரப்புத் தளத்துக்குச் செல்கிறது. அவ்வளவு தொலைவு குப்பையைச் சுமந்து செல்ல லாரிகள் டீசலை எரிக்கின்றன. தளத்தில் அடுக்கடுக்காகப் புதையும் உணவுக்கழிவுக்குக் காற்றோட்டம் கிடைப்பதில்லை. அங்கே மீத்தேன் உருவாகிறது. நூறாண்டு காலக் கணக்கில், மீத்தேன் வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல் கொண்டது. புக்கிட் தாகாரில் இந்த வாயுவைச் சேகரித்து மின்சாரம் தயாரிக்கிறார்கள். ஆனாலும், உருவாகும் வாயு அனைத்தையும் பிடித்துவிட முடிவதில்லை.

இதே இலையும் காய்கறித் தோலும் காற்றோட்டமான உரத்தொட்டிக்குச் சென்றால் மீத்தேன் பெருமளவில் உருவாவதில்லை. நல்ல உரமே கிடைக்கும். பொருள் ஒன்றுதான், அது சென்று சேரும் இடமே நன்மையையும் தீமையையும் முடிவு செய்கிறது.

மலேசிய வீடுகளின் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக்கழிவு என்பது 2012ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய ஆய்வில் தெரியவந்தது. நாடு முழுவதும் நாள்தோறும் ஏறத்தாழ 17,000 டன் உணவு குப்பைக்குச் செல்வதாகவும், அதில் ஏறத்தாழ 4,000 டன் இன்னும் உண்ணத்தக்க நிலையில் உள்ளதாகவும் திடக்கழிவு மேலாண்மை, பொதுத் துப்புரவுக் கழகம் மதிப்பிட்டுள்ளது.

இச்சிக்கலை உணவகம் தனியாகத் தீர்க்க முடியாது. கடைவரிசையில் உரத்தொட்டி வைக்க இடமில்லை. உரத்தைப் பயன்படுத்தத் தோட்டமும் இல்லை. குடியிருப்பாளர்களிடம் தோட்டம் இருக்கிறது. ஆனால், உரமாக்கத் தேவையான அளவு கழிவு ஒரு வீட்டிலிருந்து கிடைப்பதில்லை. ஒருவரிடம் மிஞ்சுவது மற்றவருக்குத் தேவைப்படுகிறது. இங்கேதான் கூட்டு முயற்சி பிறக்கிறது.

பிரிக்பீல்ட்சுக்கு அருகிலுள்ள பங்சாரில், மின்கம்பிகளுக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த மேட்டுநிலத்தில் 2017ஆம் ஆண்டு கெபுன்-கெபுன் பங்சார் என்னும் சமூகத் தோட்டம் உருவானது. தன்னார்வலர்கள் அங்கே காய்கறி பயிரிடுகின்றனர்; கழிவுகளை உரமாக்குகின்றனர். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் போன்ற வேறு சில குடியிருப்புகளிலும் இத்தகைய தோட்டங்கள் உள்ளன. காப்பிக் கடையில் மிஞ்சும் காப்பித் தூள் சக்கை, காய்கறிக் கடையில் கழிக்கப்படும் கீரைத்தண்டு, மாலைக் கடையில் வாடிப்போன பூக்கள் ஆகிய அனைத்தும் இத்தோட்டங்களுக்கு ஏற்ற உணவாகும். கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் உள்ள மாலைக் கடைகளில் திருவிழாக் காலங்களில் எவ்வளவு பூ கழிக்கப்படும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் பயன் விளங்கும்.

உண்ணத்தக்க உணவு உரமாவதைவிட ஒருவரின் பசியைத் தீர்ப்பதே மேல். கோலாலம்பூரில் இயங்கும் 'தி லாஸ்ட் ஃபூட் புரோஜெக்ட்' என்னும் தொண்டு அமைப்பு, பேரங்காடிகளிலும் சந்தையிலும் விற்காமல் எஞ்சிய நல்ல உணவுப்பொருள்களைப் பெற்று, இல்லங்களுக்கும் வசதி குறைந்த குடும்பங்களுக்கும் வழங்கி வருகிறது. உணவை நன்கொடையாக வழங்கினால் பின்னர் வழக்கு வருமோ என்று சில வணிகர்கள் தயங்கினர். நல்லெண்ணத்துடன் பாதுகாப்பான உணவை வழங்குவோருக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இதனால் அத்தயக்கத்திற்குக் காரணம் குறைந்தது.

இருபது சென் கற்பித்த பாடம்

கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்தே மாற வேண்டும் என்பதற்கு ஞெகிழிப் பை சிறந்த எடுத்துக்காட்டாகும். ஞெகிழி பெட்ரோலியப் பொருள்களிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அதனைத் தயாரிக்கும்போதும் எரிக்கும்போதும் கரிம உமிழ்வு ஏற்படுகிறது.

சிலாங்கூர் மாநிலம் 2010ஆம் ஆண்டில் சனிக்கிழமைகளை ஞெகிழிப் பை இல்லா நாளாக அறிவித்தது. 2017ஆம் ஆண்டு முதல் எல்லா நாள்களிலும் ஒரு பைக்கு 20 சென் கட்டணம் விதிக்கப்பட்டது. இருபது சென் பெரிய தொகை அன்று. ஆனாலும், பை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்கத் தொடங்கினார். அக்கேள்வி வாடிக்கையாளரைச் சிந்திக்க வைத்தது. பலர் வீட்டிலிருந்தே துணிப்பை கொண்டுவரப் பழகிக்கொண்டனர். ஒரு கடை மட்டும் இவ்வாறு கேட்டிருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். எல்லாக் கடைகளும் கேட்டதால்தான் பழக்கம் மாறியது.

இதே முறையை உணவுப் பொட்டலத்திலும் பின்பற்றலாம். முன்பெல்லாம் நம் தாத்தா பாட்டிமார் கடையில் உணவு வாங்கத் தூக்குச்சட்டியைக் கையோடு எடுத்துச் செல்வார்கள். வாடிக்கையாளர் பாத்திரம் கொண்டுவந்தால் கடைக்காரருக்குப் பெட்டிச் செலவு மிச்சமாகும். அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை விலைக்கழிவாகத் தந்தால் இருவருக்குமே ஆதாயம்.

மின்சாரமும் போக்குவரத்தும்

மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே தயாரிக்கப்படுகிறது. தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு கடையின் பெயர்ப்பலகை 500 வாட் மின்சாரத்தைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். கடை அடைத்த பிறகும் அது இரவில் ஆறு மணி நேரம் எரிந்தால் 3 யூனிட் செலவாகும். ஓராண்டுக்குக் கணக்கிட்டால், அப்பலகை மட்டும் ஏறத்தாழ 800 கிலோ கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது. ஒரு நேர நிறுத்தி பொருத்தினால் இதனைத் தவிர்க்கலாம்.

குளிரூட்டியின் வெப்பநிலையை 24 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வைக்குமாறு 2011ஆம் ஆண்டில் அரசாங்க அலுவலகங்கள் அறிவுறுத்தப்பட்டன. கடைகளும் வீடுகளும் அதனைப் பின்பற்றலாம். ஆனால், கடை போதிய குளிர்ச்சியாக இல்லை என்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால் கடைக்காரர் மீண்டும் வெப்பநிலையைக் குறைத்துவிடுவார். ஆகவே, வாடிக்கையாளரின் ஒத்துழைப்பும் இங்குத் தேவைப்படுகிறது.

போக்குவரத்திலும் இதே நிலைதான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு 1886ஆம் ஆண்டிலேயே இரயில் பாதை அமைந்துவிட்டது. பிரிக்பீல்ட்சில் இரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் இருந்தன. அங்குத் தமிழர்கள் பெருமளவில் குடியேறியதற்கு அதுவே முக்கியக் காரணம். இன்று அதே பிரிக்பீல்ட்சில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கொமியூட்டர், எல்.ஆர்.டி. முதலிய மின்சார இரயில்கள் சந்திக்கின்றன.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்சுக்கு மகிழுந்தில் போய்வர ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பெட்ரோல் செலவாகும் என்று கொண்டால், ஒரு நாளுக்கு 5.6 லிட்டர் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். அதன்படி ஒரு நாளில் ஏறத்தாழ 13 கிலோ. மாதத்தில் 22 வேலை நாள்கள் என்றால் 280 கிலோவுக்கும் மேல். நால்வர் ஒரே வண்டியில் சென்றால் ஒருவரின் பங்கு கால்பகுதியாகக் குறையும். இரயிலில் சென்றால் அதனினும் குறையும்.

ரேபிட் கே.எல். இரயில், பேருந்துச் சேவைகளில் 30 நாளுக்கு 50 ரிங்கிட்டில் பயணம் செய்யும் அட்டை உள்ளது. சிலாங்கூரின் பல பகுதிகளில் இலவசப் பேருந்துகளும் ஓடுகின்றன. எனினும், நிலையத்திலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் உள்ள கடைசி ஒரு கிலோமீட்டர்தான் பலரை மகிழுந்தின்பால் திருப்புகிறது. கடைக்காரர்கள் நடைபாதையில் சரக்குகளைப் பரப்பாமல் இருந்தால் மக்கள் நிழலில் பாதுகாப்பாக நடக்கலாம். பார்வையற்றோர் பலர் நடமாடும் பிரிக்பீல்ட்சில் இஃது இரட்டிப்பு நன்மையாகும்.

பெட்டாலிங் ஜெயா காட்டிய வழி

நல்ல பழக்கத்திற்கு ஊக்கமும் தேவை. பெட்டாலிங் ஜெயா மாநகராட்சி 2011ஆம் ஆண்டில் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்துதல், மழைநீர் சேமித்தல், கழிவை உரமாக்குதல், மரம் நடுதல் முதலிய முயற்சிகளை மேற்கொள்ளும் வீட்டு உரிமையாளர்கள் விண்ணப்பிக்கலாம். அவர்களது முயற்சி மதிப்பிடப்பட்டு, வீட்டு மதிப்பீட்டு வரியில் 500 ரிங்கிட் வரை கழிவு வழங்கப்பட்டது. குப்பையை முறையாகக் கையாண்டால் வரி குறையும் என்பது பலரது கவனத்தை ஈர்த்தது.

கோலாலம்பூரில் வேறொரு வழி பின்பற்றப்படுகிறது. 2016ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து, வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்காதவர்களுக்கு அபராதம் விதிக்கும் நடைமுறை அமலுக்கு வந்தது. ஒன்று ஊக்கம் தரும் வழி. மற்றொன்று கண்டிக்கும் வழி. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே.

தடைகளும் தீர்வுகளும்

இம்முயற்சிகள் எளிதானவை அல்ல. சிறு கடைகள் பெரும்பாலும் வாடகைக் கட்டடத்தில் இயங்குகின்றன. கூரை தங்களுடையது இல்லை என்பதால் அவர்களால் சூரியத் தகடு பொருத்த இயலாது. அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கும் இதே சிக்கல் உண்டு. மக்கும் பெட்டிகள் ஞெகிழிப் பெட்டிகளைவிட விலை கூடியவை. உரத்தொட்டியை முறையாகப் பராமரிக்காவிட்டால் துர்நாற்றம் வீசும், எலியும் வரும். அதனால் அண்டை வீட்டாருக்கிடையே மனத்தாங்கலும் ஏற்படும்.

இத்தகைய தடைகளைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்துப் பச்சைக் காய்கறிக் கழிவை மட்டும் சேர்த்து, காய்ந்த இலைகளால் மூடி, அடிக்கடி கிளறிவிட்டால் நாற்றம் குறையும். பல கடைகள் ஒன்றுசேர்ந்து மக்கும் பெட்டிகளை மொத்தமாக வாங்கினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். எந்த நாளில் யார் கழிவை எடுத்துச் செல்வது என்பதை வணிகர்களும் குடியிருப்பாளர் சங்கமும் முன்கூட்டியே முடிவு செய்யலாம். இதற்கெனப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. ருக்குன் தெத்தாங்கா, கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவை நம்மிடையே ஏற்கெனவே உள்ளன. கூட்டுத் துப்புரவுப் பணியும் மலேசியர்களுக்குப் புதிதன்று.

மாணவர்களும் இதில் பங்காற்றலாம். வீட்டு மின்கட்டணச் சீட்டில் உள்ள யூனிட் அளவை மாதந்தோறும் குறித்து வைத்து ஒப்பிடலாம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு நாளில் எவ்வளவு உணவு வீணாகிறது என்பதை எடைபோட்டுப் பார்க்கலாம். அளந்து பார்க்கும்போதுதான் எங்கே குறைக்கலாம் என்பது புலப்படும்.

ஒரு கடையோ ஒரு வீடோ மாறினால் வானிலை மாறிவிடாது. இருப்பினும், ஒரு தெருவில் உள்ள கடைகளும் அதன் பின்புறத்தில் உள்ள வீடுகளும் சேர்ந்து மாறினால், அதனைப் பார்த்து அடுத்த தெருவும் மாறும். தாமான் ஸ்ரீ மூடாவில் சேற்றைக் கழுவித் தள்ள அன்று ஓடி வந்த கைகள் இன்றும் நம்மிடையே உள்ளன. ஊர் கூடித் தேர் இழுப்பது போல, அக்கைகள் பெருமழைக்கு முன்பே ஒன்றுசேர வேண்டும் என்பதே காலத்தின் தேவையாகும்.